சிறு மீன்பிடிப் படகுகளின் குதிரைவலுவும் சுமை எல்லையும்: கரையிலேயே செய்ய வேண்டிய கணக்கு

புதிதாகப் படகு வாங்கும் கடற்றொழிலாளர் ஒருவரிடம் அயலவர்கள் முதலில் கேட்கும் கேள்வி “எத்தனை குதிரைவலு?” என்பதாகும். அப்படகு எத்தனை கிலோவைத் தாங்கும் என்று கேட்பவர் அரிது. இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதலாவதற்கு மட்டும் விடை கண்டு இரண்டாவதைக் கடலின் தீர்ப்புக்கு விட்டுவிடுவது எமது கரையோரங்களில் நெடுநாட் பழக்கமாக இருந்து வருகின்றது. அப்பழக்கத்தின் விலை சில வேளைகளில் உயிராகவும், பல வேளைகளில் வீணாகும் எரிபொருளாகவும் இருக்கின்றது.

வடக்கு, கிழக்கு மக்களைப் பொறுத்தவரையில் ‘குதிரைவலு எல்லை’ என்ற சொற்றொடருக்கு வேறொரு நினைவும் உண்டு. போர்க்காலத்தில் படகு இயந்திரத்தின் வலு, கடலுக்குச் செல்லும் நேரம், செல்லக்கூடிய தூரம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்புக் காரணங்கூறிக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டிருந்தன. 2009 மே மாதத்தில் போர் முடிவுக்கு வந்த பின்னர் அவை படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. நெடுங்காலம் சிறிய இயந்திரத்தோடு மட்டுப்படுத்தப்பட்டிருந்தவர்கள் பெரிய இயந்திரத்தை நாடியது இயல்பானதே. ஆயினும் அரசு விதித்த எல்லை நீங்கியபோதிலும், படகின் அளவும் கடலின் இயல்பும் விதிக்கும் எல்லை நீங்கவில்லை. அந்த எல்லையை அறிந்துகொள்வதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை. க.பொ.த. சாதாரண தர மாணவன் ஒருவன் அறிந்த ஆக்கிமிடீசின் தத்துவமும், ஓர் அளவு நாடாவும், ஒரு தராசும் போதுமானவை.

எமது கரைகளில் இன்று மிகுதியாகக் காணப்படும் 17 முதல் 23 அடி வரையான, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகையே இக்கட்டுரை கருத்திற் கொள்கின்றது. மன்னார், முல்லைத்தீவு, மூதூர், கல்முனை, கற்பிட்டி என எங்கு சென்றாலும் ‘பைபர் படகு’ என மக்கள் வழங்கும் இதனைக் காணலாம்.

படகு தாங்கக்கூடிய எடை

நீரில் மிதக்கும் எப்பொருளும் தனது எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கும். கடல்நீர் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 1,025 கிலோ எடையுடையது. எனவே படகின் விளிம்பு வரை எத்தனை கன மீற்றர் நீர் இடம்பெயரும் என்று கண்டால், அப்படகு முற்றாக அமிழும் எடை தெரிந்துவிடும்.

உதாரணமாக ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதன் பயனுள்ள நீளம் 5.6 மீற்றர், அகலம் 1.6 மீற்றர், நீர் முதலில் உட்புகக்கூடிய மிகத் தாழ்ந்த இடம் வரையான உயரம் 0.55 மீற்றர் என்க. அந்த மிகத் தாழ்ந்த இடம் பக்க விளிம்பு அன்று. பெரும்பாலான படகுகளில் அது இயந்திரம் பூட்டுவதற்காக வெட்டப்பட்ட பின்பலகையாகும். அளக்கும்போது இதனை மறந்துவிடுவோர் பலர்.

மூன்று அளவுகளையும் பெருக்கினால் வருவது ஒரு பெட்டியின் கனவளவு. படகோ அணியத்தில் ஒடுங்கியும் அடியில் வளைந்தும் இருப்பதால், இவ்வகைப் படகுக்கு அதில் ஏறத்தாழ 60 வீதத்தைக் கொள்ளலாம். 5.6 ஐ 1.6 ஆலும், அதனை 0.55 ஆலும், பின்னர் 0.6 ஆலும் பெருக்க 2.96 கன மீற்றர் கிடைக்கும். அதனை 1,025 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 3,030 கிலோ. அமைதியான நீரில், ஒரு துளியும் உட்புகாமல், இப்படகு அமிழக்கூடிய ஆகக்கூடிய எடை இதுவாகும்.

இதனைக் கண்டு மூன்று தொன் ஏற்றலாம் என்று எண்ணுவது தற்கொலைக்கு ஒப்பானது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டும் 20 அடிக்குக் குறைந்த இன்பப் பயணப் படகுகளுக்கு ஐக்கிய அமெரிக்காவின் கரையோரக் காவல் விதிகள் ஓர் எளிய வரையறையைத் தருகின்றன. ஆகக்கூடிய எடையிலிருந்து வெறும் படகின் எடையைக் கழித்து, எஞ்சுவதில் ஐந்தில் ஒரு பங்கையே ஏற்றலாம் என்பது அவ்விதி. ஆட்கள், இயந்திரம், பொருட்கள் யாவும் அப்பங்கினுள் அடங்க வேண்டும். எஞ்சிய நான்கு பங்கும் அலைக்கும், ஆட்கள் ஒரு பக்கம் சாய்வதற்கும், உட்புகும் நீருக்கும் விடப்பட்ட ஒதுக்கமாகும்.

எமது உதாரணப் படகின் ஓடு 400 கிலோ எனின், 3,030 இலிருந்து 400 கழிய 2,630. அதில் ஐந்தில் ஒரு பங்கு 526 கிலோ. இவ்விதி மீன்பிடிக்கென எழுதப்பட்டதன்று. எனினும் எச்சரிக்கையான ஓர் அளவுகோலாக அதனைக் கையாளலாம்.

உண்மையான சுமைப் பட்டியல்

இனி அப்படகில் வழக்கமாக ஏறுவனவற்றைக் கூட்டிப் பார்ப்போம். 25 குதிரைவலுவுள்ள இயந்திரம் ஏறத்தாழ 50 கிலோ. 30 லீற்றர் மண்ணெண்ணெய் கலனோடு சேர்த்து 30 கிலோ. ஆளுக்கு 70 கிலோ வீதம் மூவர் 210 கிலோ. வலை, கயிறு, மிதவை, ஈயம் ஆகியன 120 கிலோ. ஐஸும் அதற்கான பெட்டியும் 50 கிலோ. நங்கூரம், குடிநீர், உணவு, விளக்கு, உயிர்காப்பு அங்கிகள் 40 கிலோ. மொத்தம் 500 கிலோ.

அதாவது, ஒரு மீனும் பிடிபடுவதற்கு முன்னரே 526 கிலோவில் 500 கிலோ செலவாகிவிட்டது. மீனுக்கென எஞ்சுவது 26 கிலோ மாத்திரமே. மூவருக்குப் பதிலாக இருவர் சென்றால் எஞ்சுவது 96 கிலோ. மாறாக, அதே படகுக்கு 40 குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டினால் இயந்திரத்தின் எடையில் 20 கிலோவுக்கு மேல் கூடும். அதன் எரிபொருட் தேவைக்கு மேலும் 25 கிலோ சேரும். மூவரோடு கரையை விட்டுப் புறப்படும்போதே எல்லை தாண்டப்பட்டிருக்கும்.

சம்மாட்டிமாரும் தண்டையல்மாரும் இப்பட்டியலைத் தமது படகுக்கேற்பத் தாமே எழுதிப் பார்க்க வேண்டும். வலையை உலர்ந்த நிலையிலன்றி நனைந்த நிலையில் நிறுக்க வேண்டும். ஏனெனில் திரும்பி வரும்போது ஏற்றப்படுவது நனைந்த வலையே.

ஒரு சென்ரிமீற்றருக்கு எத்தனை கிலோ?

ஏட்டுக் கணக்கை நம்பத் தயங்குவோர் கடற்கரையிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய வேறொரு வழி உண்டு. படகின் நீர்மட்டக் கோட்டில் நீளம் 5.4 மீற்றர், அகலம் 1.5 மீற்றர் எனின், முனைகள் ஒடுங்குவதற்காக 0.75 ஆற் பெருக்க, நீர்மட்டப் பரப்பு ஏறத்தாழ 6.1 சதுர மீற்றர். இப்பரப்பு ஒரு சென்ரிமீற்றர் தாழ்வதற்கு ஏறத்தாழ 62 கிலோ தேவை. சுருங்கக் கூறின், மெலிந்த ஆள் ஒருவர் ஏறினால் படகு ஒரு சென்ரிமீற்றர் தாழும்.

இயந்திரம் மட்டும் பூட்டிய வெறும் படகை அமைதியான நீரில் மிதக்கவிட்டு, நீர்மட்டத்திலிருந்து மிகத் தாழ்ந்த விளிம்பு வரையான உயரத்தை அளக்க வேண்டும். பின்னர் எடை தெரிந்த மணல் மூடைகளை ஏற்றி மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளின் வித்தியாசமே அப்படகின் சொந்தக் கணக்கைச் சொல்லிவிடும். எமது உதாரணப் படகில் 526 கிலோ ஏறிய நிலையில், படகு மட்டமாக நிற்குமாயின், விளிம்பு நீருக்கு மேல் ஏறத்தாழ 31 சென்ரிமீற்றர் நிற்கும்.

இப்பொழுது பெரும் பாடு ஒன்று பட்டுவிட்டது எனக் கொள்வோம். 600 கிலோ சூடை மீனை விட்டுவர எவருக்கு மனம் வரும்? மொத்தச் சுமை 1,100 கிலோவாகின்றது. விளிம்பு ஏறத்தாழ 22 சென்ரிமீற்றருக்கு, அதாவது ஒரு சாண் அளவுக்கு, இறங்குகின்றது. அதுவும் படகு மட்டமாக நின்றால் மட்டுமே. இயந்திரமும் எரிபொருட் கலனும் செலுத்துபவரும் பின்னாலேயே இருப்பதால் பின்பகுதி மேலும் 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை தாழக்கூடும். மீனையும் பின்னால் குவித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நான்கைந்து விரற்கடை உயரமே எஞ்சிய அந்தப் பின்பலகைக்கு, பின்னிருந்து வரும் சிறு அலையே போதுமானது.

கணுக்கால் அளவு நீர்

உட்புகுந்த நீரைக் கடற்றொழிலாளர் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. இறைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். ஆனால் படகின் உட்தளம் 4.5 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உடையதெனின், 10 சென்ரிமீற்றர் ஆழமான நீர், அதாவது கணுக்கால் அளவு நீர், 540 லீற்றராகும். அது அரைத் தொன்னுக்கு மேற்பட்ட சுமை. ஏழெட்டுப் பேர் திடீரெனப் படகில் ஏறியதற்கு அது சமம்.

மேலும் அந்நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. படகு எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை மிகைப்படுத்தும். கட்டுப்படுத்தாமல் தளத்தில் கொட்டிய மீனும் இவ்வாறே நடந்துகொள்ளும். படகு கவிழ்வதற்கு மொத்த எடையைக் காட்டிலும் இந்த நகரும் எடையே பல வேளைகளில் காரணமாகின்றது. எனவே மீனைப் பெட்டிகளிலோ தடுப்புப் பலகைகளுக்கு இடையிலோ, படகின் நடுப்பகுதியில், இயன்றவரை தாழ்வாக வைத்தல் வேண்டும். ஒரு பக்கமாக நின்று வலை இழுக்கும்போது இருவர் இழுத்தால் மூன்றாமவர் மறுபக்கம் அமர்வது நல்லது.

குதிரைவலுவின் மேல் எல்லை

ஒரு குதிரைவலு என்பது ஏறத்தாழ முக்கால் கிலோவாற் ஆகும். இயந்திரத்தில் 11 கிலோவாற் எனப் பொறித்திருந்தால் அது 15 குதிரைவலு இயந்திரம் என அறியலாம்.

ஒரு படகு தாங்கக்கூடிய ஆகக்கூடிய குதிரைவலுவைக் காண்பதற்கும் மேற்கூறிய அமெரிக்க விதிகளில் ஒரு சூத்திரம் உண்டு. படகின் நீளத்தையும் பின்பலகையின் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்க வேண்டும். இப்பெருக்கம் 52 ஐ விடக் கூடிய, இயந்திரத்தின் கைபிடியைப் பிடித்துச் செலுத்தும் படகாயின், அதனை 0.8 ஆற் பெருக்கி 25 ஐக் கழிக்க வேண்டும். அடி தட்டையாகவும் பக்கங்கள் கூர்மையான மடிப்போடும் உள்ள படகாயின் 0.5 ஆற் பெருக்கி 15 ஐக் கழிக்க வேண்டும். விடையை அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்தலாம்.

19 அடி நீளமும் 4.5 அடி பின்பலகையும் உள்ள படகுக்குப் பெருக்கம் 85.5. வளைந்த அடியுள்ள படகாயின் 43.4, அதாவது 45 குதிரைவலு மேல் எல்லை. தட்டையான அடியாயின் 27.75, அதாவது 30 குதிரைவலு. ஒரே நீளமுள்ள இரு படகுகளுக்கிடையில் இவ்வளவு வேறுபாடு இருப்பதைக் கவனித்தல் வேண்டும். அயலவர் பூட்டியிருக்கிறார் என்பதற்காக நாமும் பூட்டுவது எத்துணை தவறானது என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்றையும் மனங்கொள்ள வேண்டும். இது தாண்டக்கூடாத எல்லையேயன்றிப் பரிந்துரைக்கப்படும் அளவன்று. பின்பலகை உறுதியற்ற, பழுதுபார்க்கப்பட்ட, அல்லது உள்ளிருக்கும் மரம் உக்கிய படகுக்கு இவ்வெல்லை பொருந்தாது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவசர அவசரமாக வழங்கப்பட்ட படகுகளுள் தரம் குறைந்தவையும் இருந்தமை அக்காலத்திலேயே சுட்டிக்காட்டப்பட்ட விடயமாகும்.

வேகமும் எரிபொருளும்

பெரிய இயந்திரம் பூட்டினால் வேகம் கூடும் என்பது பாதி உண்மையே. நீரைப் பிளந்து செல்லும் படகு ஒன்றின் இயல்பான வேக எல்லையை அதன் நீர்மட்ட நீளமே தீர்மானிக்கின்றது. அந்நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால் அவ்வேகம் மணிக்கு இத்தனை கடல் மைல் எனக் கிடைக்கும். எமது உதாரணப் படகுக்கு அது ஏறத்தாழ 5.6 கடல் மைல். ஒரு தொன் அளவில் மொத்த எடையுள்ள படகு இவ்வேகத்தில் செல்வதற்கு 8 முதல் 10 குதிரைவலு போதுமானது.

இதற்கு மேல் வேகம் வேண்டுமாயின் படகு நீரின்மேல் எழுந்து சறுக்கி ஓட வேண்டும். அதற்குக் கூடிய வலுவும் வேண்டும், குறைந்த சுமையும் வேண்டும். காலையில் இலகுவாகச் சறுக்கிச் சென்ற படகு, மாலையில் மீனோடும் நனைந்த வலையோடும் திரும்பும்போது எழ மறுக்கும். அந்நிலையில் செலுத்துபவர் இயந்திரத்தை முழு வேகத்துக்கு முறுக்குகின்றார். அணியம் மேலெழும்ப, பின்பகுதி தனது அலையிலேயே அமிழ்கின்றது. வேகமும் கூடுவதில்லை, எரிபொருளும் எரிகின்றது, பின்பலகையோ நீர்மட்டத்தை நெருங்குகின்றது. சோழகக் காற்றிலும் வாடைக் காற்றிலும் முகத்துவாரத்தின் மணற்திட்டைக் கடக்கும் வேளையில் இதுவே மிக ஆபத்தான தருணமாகும்.

எரிபொருட் கணக்கும் எளியதே. வெளியிணைப்பு இயந்திரங்களில், டூ ஸ்ட்ரோக் என வழங்கும் இரண்டடிப்பு வகை முழு வேகத்தில் ஒரு குதிரைவலுவுக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை லீற்றர் எரிபொருளைக் கொள்ளும். 15 குதிரைவலு எனின் 7 முதல் 8 லீற்றர். 40 குதிரைவலு எனின் 20 லீற்றர். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது எத்தனை படகுகள் கரையில் முடங்கின என்பதைக் கடற்றொழிற் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. இத்தகைய விலையதிர்ச்சியைத் தாங்கும் வல்லமை, தேவைக்கேற்ற இயந்திரத்தைக் கொண்ட படகுக்கே கூடுதலாக உண்டு.

எரிபொருளை மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கு போவதற்கும், ஒரு பங்கு வருவதற்கும், மூன்றாவது பங்கு எதிர்பாராத காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் என ஒதுக்குவது உலகெங்கும் சிறு படகோட்டிகள் கைக்கொள்ளும் நல்ல வழக்கம். 15 குதிரைவலுவும் 30 லீற்றரும் உள்ளவர் போவதற்குப் 10 லீற்றரையே செலவிடலாம். சுமையேறிய படகுக்கு அது ஏறத்தாழ 8 கடல் மைல் தூரம். அதற்கு அப்பால் வலைவிட விரும்புபவர் மேலதிக எரிபொருளின் எடையையும் சுமைப் பட்டியலில் சேர்த்தே ஆகவேண்டும்.

நீர் நிறைந்தாலும் மூழ்காதிருக்க

மரத்தாலான வள்ளம் கவிழ்ந்தாலும் மிதக்கும். கண்ணாடியிழை நீரைவிடப் பாரமானது. நீர் நிறைந்தால் படகு இயந்திரத்தோடு அடிக்குச் சென்றுவிடும். எமது உதாரணப் படகின் ஓட்டையும் இயந்திரத்தையும் மட்டும் மிதக்க வைப்பதற்கு ஏறத்தாழ 170 லீற்றர் கனவளவுள்ள நுரைப்பஞ்சோ அடைத்த காற்றறையோ தேவை. ஒரு லீற்றர் நுரைப்பஞ்சு ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும் என்பது இக்கணக்கின் அடிப்படை. பற்றிக்கொள்ளும் மூவரையும் கருத்திற் கொண்டால் 250 லீற்றருக்குக் குறையாமல் இருப்பது நன்று. படகு வாங்கும்போது இருக்கைகளுக்கும் அணியத்துக்கும் உள்ளே என்ன நிரப்பப்பட்டுள்ளது எனக் கேட்டறிவது வாங்குபவரின் உரிமையாகும்.

ஓட்டில் ஒரு கோடு

பிரித்தானியாவில் அளவுக்கு மீறிச் சுமையேற்றப்பட்ட கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கியமையைக் கண்டு பாராளுமன்ற உறுப்பினர் சாமுவெல் பிளிம்சோல் நடத்திய போராட்டத்தின் பயனாக, 1876 ஆம் ஆண்டில் கப்பல்களின் பக்கத்தில் சுமைக் கோடு வரைவது சட்டமாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பெருங்கப்பலின் மாலுமிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு எமது பத்தொன்பதடிப் படகில் செல்பவருக்கும் கிடைக்க வேண்டாமா?

2021 நவம்பர் 23 ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலை மாணவர்கள் உட்படக் குறைந்தது 6 பேர் உயிரிழந்தனர். அது மீன்பிடிப் படகன்று. எனினும், எத்தனை பேர் ஏறலாம் என்பதை ஏறுவதற்கு முன்னரே அறிந்திருக்க வேண்டும் என்ற பாடம் எல்லாப் படகுகளுக்கும் பொதுவானது.

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் மீன்பிடிப் படகுகள் பதிவுசெய்யப்படுகின்றன. படகின் பக்கத்தில் பதிவிலக்கம் எழுதப்படுகின்றது. அவ்விலக்கத்தை எழுதும் அதே தூரிகையால், நீருக்கு மேல் நிற்க வேண்டிய உயரத்தைக் காட்டும் கோடொன்றை வரைவதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தமது அங்கத்தவர்களின் படகுகளை ஓய்வு நாளொன்றில் மணல் மூடைகளைக் கொண்டு சோதித்து, அக்கோட்டைத் தாமே வரைந்துகொள்ளலாம். படகு கட்டுவோர் ஆகக்கூடிய சுமையையும் குதிரைவலுவையும் பின்பலகையில் பொறித்து விற்கலாம். மானியமாகவோ நிவாரணமாகவோ இயந்திரம் வழங்கும் நிறுவனங்கள், படகை அளந்த பின்னரே இயந்திரத்தைத் தெரிவுசெய்யலாம்.

கோடு நீருக்குள் மறைந்துவிட்டால் இனி ஏற்றக்கூடாது என்பது எழுத்தறியாத ஒருவருக்கும் விளங்கும். பெரும் பாடு பட்ட நாளில் அந்தக் கோட்டைக் கண்டு ஒரு பெட்டி மீனைக் கடலிலேயே விட்டுவருபவர் நட்டமடைந்தவராகத் தோன்றலாம். ஆனால் மறுநாளும் தொழிலுக்குச் செல்லப் படகும், வீட்டில் அவரை எதிர்பார்த்திருப்போருக்கு அவரும் எஞ்சியிருப்பார்.